ஒரு குளோஸப்பை எடுத்தால்

எடிட்டிங் என்றால் வேண்டாததை வெட்டித் தள்ளுவது என்ற நினைப்போடுதான் பெரும்பாலும் புது உதவியாளர்கள் என்னிடம் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளை டைம்லைனில் மேலும் கீழுமாகப் போட்டு, எந்தெந்த இடத்தில் அவை பிரிகின்றன என்று குறித்துவரச் சொல்வது. படம், ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’. இரண்டு பதிப்புகளையும் பொறுமையாக ஒப்பிட்டு முடித்தவர்கள் அதன்பிறகு ‘நீளத்தைக் குறைப்பது’ பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரு மனிதரைப் பார்வையாளர் எப்படிப் பார்க்கவேண்டும் என்று தீர்மானிக்கிற இடம் எடிட்டிங் டேபிள் என்பது அவர்களுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

மெக்ஸிகோ எல்லையில் இருக்கும் ஒரு சிறிய ஊரில் நடக்கும் குற்றக்கதை அது. யூனிவர்சல் ஸ்டுடியோவுக்காக 1957-ல் வெல்ஸ் அதைப் படமாக்கினார். எல்லையோர ஊருக்குப் பதிலாக கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதித் தெருக்களைப் பயன்படுத்திக்கொண்டார். எடிட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்டுடியோ படத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஹாரி கெல்லர் என்ற வேறொரு இயக்குநரை வைத்துச் சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தது. அந்த ஆண்டின் கடைசியில் வெல்ஸுக்கு ஒருமுறை படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, ஸ்டுடியோ தலைவர் எட்வர்ட் மூலுக்கு அவர் 58 பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். எந்தக் காட்சி எங்கே வரவேண்டும், எந்த இசை எங்கிருந்து கேட்கவேண்டும், எந்த ஷாட் ஏன் கூடாது என்று ஒவ்வொன்றாக விளக்கியிருந்தார். அதில் சொற்பமே நிறைவேறியது. 1958-ல் ஏறக்குறைய 95 நிமிடப் படமாக அது திரைக்கு வந்தது.

வெல்ஸ் 1985-ல் இறந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, தயாரிப்பாளர் ரிக் ஷ்மிட்லின் முயற்சியில், எடிட்டர் வால்டர் மர்ச் அந்த 58 பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடியும் தொகுத்தார். சுமார் ஐம்பது மாற்றங்கள். 111 நிமிடம். புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்கமுடியாத நிலையில், கிடைத்த பிம்பங்களையும் ஒலிகளையும் மட்டுமே வைத்துச் செய்த வேலை அது.

முதல் வித்தியாசம் முதல் ஷாட்டிலேயே தெரியும். ஒரு கை டைம் பாமைத் திருகுகிறது. அது ஒரு காரின் டிக்கிக்குள் போகிறது. காரில் ஓர் ஆணும் பெண்ணும் ஏறுகிறார்கள். கேமரா கிரேனில் எழும்பி, கட்டிடத்தின் மேலாகப் போய், மறுபக்கம் இறங்கித் தெருவைப் பிடிக்கிறது. அதே தெருவில் வர்காஸ் என்ற மெக்ஸிகோ அதிகாரியும் அவருடைய புது மனைவி சூசனும் நடந்துவருகிறார்கள். காரும் தம்பதியும் மாறி மாறி முந்திக்கொண்டு எல்லைச் சாவடிவரை போகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லை.

1958 பதிப்பில் இந்த ஷாட்டின் மேலேதான் டைட்டில்கள் ஓடின. கூடவே ஹென்றி மான்சினியின் டைட்டில் இசை முழு வீச்சில் ஒலித்தது. அருமையான இசைதான். ஆனால் எழுத்து திரையில் வந்தால் கண் அதைத்தான் படிக்கும், பின்னால் போகிற காரை விட்டுவிடும். இசை தொடர்ந்து ஒரே வேகத்தில் போனால் காது அதன் தாளத்தோடு போய்விடும், தெருவைக் கேட்காது. மர்ச் டைட்டில்களைப் படத்தின் கடைசிக்குக் கொண்டுபோனார். டைட்டில் இசையை எடுத்துவிட்டு, தெருவின் ஒலியை உள்ளே விட்டார். ஒவ்வொரு மதுக்கடை வாசலைத் தாண்டும்போதும் வேறொரு பாட்டு வந்து மறைகிறது. நடுவில் அந்தக் காரின் ரேடியோ. கார் ஃபிரேமில் இல்லாத நேரத்திலும் ரேடியோ பாட்டு நெருங்குவதையும் விலகுவதையும் வைத்தே, குண்டு இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. அதே ஷாட், ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. ஆனால் முதல் பதிப்பில் கேமராவின் வித்தையை ரசிக்கிறோம், இரண்டாவதில் அந்தத் தம்பதிக்காகப் பயப்படுகிறோம்.

ஒலியைப் பற்றி வெல்ஸ் எழுதியிருந்ததில் ஒரு விஷயத்தை ஒவ்வொரு ஒலிக் கலைஞரிடமும் நான் சொல்வதுண்டு. தெருவில் கேட்கும் இசை, ஸ்டுடியோவில் பதிவான சுத்தத்தோடு இருக்கக்கூடாது என்றார். மலிவான ஒரு ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டு, கட்டிடத்துக்கு வெளியே சந்தில் வைத்து மறுபடி பதிவுசெய்யச் சொன்னார். சுவரில் மோதி வரும்போதுதான் அது அந்தத் தெருவுக்குச் சொந்தமான சத்தமாகும். மர்ச் இதே முறையை 1973-ல் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்துக்காகத் தாமாகவே கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருந்தார். அதே யோசனை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தாளில் எழுதப்பட்டுக் கிடந்திருக்கிறது.

அடுத்தது காட்சிகளின் வரிசை. குண்டு வெடித்ததும் வர்காஸ் சம்பவ இடத்துக்கு ஓடுகிறார். மனைவி தனியாகிவிடுகிறாள், கிராண்டி என்ற ரவுடியின் ஆட்களிடம் மாட்டுகிறாள். ஸ்டுடியோ பதிப்பு வர்காஸின் பகுதியை முழுக்க முடித்துவிட்டுத்தான் சூசனிடம் வருகிறது. வெல்ஸ் கேட்டிருந்தது, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டவேண்டும் என்று. சேர்த்து முடித்துக் காட்டும்போது அது போலீஸ் கதையாகிவிடுகிறது, மனைவி அதில் ஒரு கிளைக்கதை. மாற்றி மாற்றிக் காட்டும்போது, கல்யாணமான கையோடு பிரிந்துபோன இருவரின் கதையாகிறது. கணவர் அங்கே சட்டம் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இங்கே மனைவிக்கு ஆபத்து கூடுகிறது. இரண்டிலும் காட்சிகள் அவையேதான், வரிசைதான் வேறு.

ஆனால் நான் உதவியாளர்களை நிறுத்திவைத்துக் காட்டுகிற இடம் இவை இரண்டும் இல்லை. ஆவணக் காப்பகத்தில் நடக்கும் ஒரு சின்னக் காட்சி. குவின்லன் என்ற போலீஸ் அதிகாரி பல வழக்குகளில் பொய்ச் சாட்சியத்தைத் திணித்திருக்கிறார் என்பதை, குவின்லனின் உயிர் நண்பரான மென்சீஸிடம் வர்காஸ் கோப்புகளைப் போட்டு நிரூபிக்கிறார். 1958 பதிப்பில் அப்போது மென்சீஸின் குளோஸப் ஒன்று வரும். அதில் அவர் மனமுடைந்து தளர்ந்துபோகிறார். அந்த குளோஸப்பை எடுத்துவிடச் சொல்லியிருந்தார் வெல்ஸ். லென்ஸ் தவறு, வைட் ஆங்கிளில் முகம் கோணலாகத் தெரிகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். மர்ச் எடுத்துப் பார்த்தார். எடுத்ததும் மென்சீஸ் வேறு ஆளாகிவிட்டார்.

இதை எங்கள் டேபிளில் நாங்களே செய்து பார்ப்போம். குளோஸப் இருக்கும்போது மென்சீஸ் தோற்றவர். கடைசியில் உடம்பில் மைக்கை மறைத்துக்கொண்டு நண்பரிடம் வாக்குமூலம் வாங்கப் போகும்போது, வர்காஸ் அவரை உடைத்துவிட்டதால்தான் போகிறார் என்று தோன்றும். குளோஸப் இல்லாதபோது அவர் நின்ற நிலையிலேயே இருக்கிறார். உள்ளே என்ன நடந்தது என்று நமக்குக் காட்டப்படவில்லை. அதனால் பிறகு அவர் மைக்கோடு நடக்கும்போது, அது அவரே யோசித்து எடுத்த முடிவாகிறது. துரோகமா, நேர்மையா என்ற போராட்டம் முழுக்க அவருடையதாகிவிடுகிறது. ஒரு ஷாட்டை எடுத்ததில் ஒரு மனிதருக்குச் சுயமரியாதை திரும்பக் கிடைத்திருக்கிறது. லென்ஸ் என்று சொன்ன வெல்ஸின் கண்ணுக்கு இதுவும் பட்டிருக்கும் என்றே நான் நம்புகிறேன். மர்ச்சுடன் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி நடத்திய உரையாடல்களின் நூலில் எடிட்டர்கள் மறக்காத பகுதி இது.

ரியாக்‌ஷன் ஷாட் வைப்பது எங்கள் வேலையில் மிகவும் சுலபமானது, அதனாலேயே ஆபத்தானது. வசனம் முடிந்ததும் எதிரே இருப்பவரின் முகத்துக்குப் போய்விடுவோம். பார்வையாளர் கண்டுபிடிக்கவேண்டியதை அவருக்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம். இப்போதெல்லாம் ஒவ்வொரு ரியாக்‌ஷனையும் வைப்பதற்கு முன், இது இல்லாவிட்டால் இந்த ஆள் யாராக இருப்பார் என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

இதன் மறுபக்கம் ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’. 1982-ல் முன்னோட்டக் காட்சிகளில் பார்த்தவர்களுக்குக் கதை புரியவில்லை என்று ஹாரிசன் ஃபோர்டின் குரலில் விளக்கங்களைச் சேர்த்தார்கள். நாயகனும் நாயகியும் பச்சை மலைகளுக்கு நடுவே காரில் போவதாகச் சுபமான முடிவு வைத்தார்கள். அந்த மலைக் காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிஞ்சியவை. 1992-ல் வந்த இயக்குநர் பதிப்பில் குரலும் போனது, மலையும் போனது. பதிலுக்கு, காட்டில் ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று ஓடிவரும் கனவு சில விநாடிகள் சேர்ந்தது. முன்பு, கடைசியில் நாயகன் தரையிலிருந்து எடுக்கும் காகித ஒற்றைக்கொம்புக் குதிரை, சக அதிகாரி விட்டுப்போன ஓர் அடையாளம் மட்டுமே. இப்போது, இவன் கனவு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுகிறது. தான் வேட்டையாடுகிறவர்களைப் போல இவனும் செய்யப்பட்ட மனிதன்தானோ என்று படம் முழுவதையும் பின்னோக்கி யோசிக்க வைக்கிறது. மென்சீஸிடம் ஒன்றை எடுத்ததால் நடந்தது இங்கே ஒன்றைச் சேர்த்ததால் நடக்கிறது.

செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா’வுக்கு நேர்ந்ததுதான் எனக்கு ஆறாத வருத்தம். 1984-ல் கான் விழாவில் 229 நிமிடம் ஓடிய படத்தை அமெரிக்காவில் 139 நிமிடமாக்கினார்கள். தொண்ணூறு நிமிடம் போனதைவிடப் பெரிய சேதம், முன்னும் பின்னுமாகப் போய்வந்த கதையைக் காலவரிசைப்படி நேராக அடுக்கியதுதான். லியோனியின் படத்தில் ஒரு கிழவர் தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறார். இளமையில் நடப்பது எல்லாமே, பின்னால் என்ன ஆனது என்று தெரிந்த ஒருவரின் வலியோடு நமக்குக் கிடைக்கிறது. வரிசையாக அடுக்கியதும் நினைப்பவர் காணாமல் போய்விட்டார். நடந்த சம்பவங்கள்தான் மிஞ்சின.

இவற்றையெல்லாம் நாம் பேசமுடிவதற்குக் காரணம், இரண்டு பதிப்புகளுமே இருப்பது. வெல்ஸின் இன்னொரு படத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1942-ல் ‘தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தை அவர் சுமார் 131 நிமிடத்துக்குத் தொகுத்திருந்தார். அவர் வேறு படத்துக்காகப் பிரேசிலில் இருந்தபோது ஆர்கேஓ ஸ்டுடியோ அதை 88 நிமிடமாக்கி, முடிவையும் மாற்றியது. வெட்டிய பகுதியின் நெகட்டிவ் அழிக்கப்பட்டுவிட்டது. நீண்ட பதிப்பில் ஷாட்டுக்கு ஷாட் என்ன இருந்தது என்ற பட்டியல் தாளில் இருக்கிறது, படம் இல்லை. அங்கே தாள் இருந்தும் பிலிம் இல்லை. ‘டச் ஆஃப் ஈவில்’ விஷயத்தில் தாளும் இருந்தது, பிலிமும் இருந்தது. அந்த வித்தியாசம்தான் ஒன்றை வேலையாக்கியது, மற்றதை ஏக்கமாக நிறுத்திவிட்டது.

தமிழ்ப் படங்களில் பதிப்புகள் மாறுவது நமக்குப் புதிதல்ல. ரிலீஸாகி இரண்டாம் வாரம் ‘ட்ரிம்’ செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். 2022-ல் ‘பாபா’, 2023-ல் ‘ஆளவந்தான்’ என்று பழைய படங்கள் புதுத் தொகுப்போடு திரைக்கு வந்ததையும் பார்த்தோம். ஆனால் எதை ஏன் எடுத்தோம் என்று எழுதிவைக்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் வேர்விடவில்லை. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ இல்லை. முழுப் படங்களையே தொலைத்துவிட்ட மண்ணில் வெட்டிய துண்டுகளை யார் தேடப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறோம். பிலிம் காலத்தில் அவை பிலிமிலிருந்து பிரித்தெடுக்கும் வெள்ளிக்காகவும் இடத்துக்காகவும் போயின. இப்போது, அடுத்த படத்துக்கு ஹார்டு டிஸ்க் வேண்டும் என்பதற்காக அழிகின்றன.

ஆகவே என் எடிட்டிங் ரூமில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், சக எடிட்டர்களிடமும் அதைக் கேட்டுக்கொள்கிறேன். படம் லாக் ஆகும் அன்று மூன்று விஷயங்களைத் தனியாக எடுத்துவையுங்கள்: எதையும் வெட்டுவதற்கு முன் கோத்த முதல் அசெம்ப்ளி, இயக்குநர் மனம் நிறைந்து சரி என்று சொன்ன கட், கடைசியில் தியேட்டருக்குப் போன கட். கூடவே ஒரு நோட்டு. அதில் ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் தேதி, யார் சொன்னது, என்ன காரணம் என்று நம் மொழியில் இரண்டு வரி போதும். காரணம் தயாரிப்பாளர் சொன்னதாக இருக்கலாம், தணிக்கையாக இருக்கலாம், கோணலாகிப்போன ஒரு முகமாக இருக்கலாம். எந்தக் காரணம் எந்தப் பாத்திரத்தைக் காப்பாற்றப்போகிறது என்று எழுதுகிறவருக்கு அன்றைக்குத் தெரியாது. வெல்ஸுக்கு அந்தக் குறிப்பால் தம் வாழ்நாளில் பெரிய பலன் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் 58 பக்கம் எழுதினார். தம் படத்து மனிதர்கள் சரியாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்ற அக்கறை ஒரு படைப்பாளிக்கு எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.