மேட்டில் தெரியும் குறை

மீனும் காய்கறியும் சிமெண்டு மூட்டையும் ஏற்றிக்கொண்டு, மார்பு நோக மிதித்து மிதித்தே ஒரு தலைமுறை ஜீவனம் நடத்திய மீன்பாடி வண்டியின் ஸ்தானத்தைச் சென்னைத் தெருக்களில் இப்போது பேட்டரி வண்டி மெல்ல மெல்லப் பிடித்து வருகிறது. மாநகராட்சியின் குப்பை வண்டிகளும் அவ்வாறே மாறி, காலை வேளையில் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அடையாற்றின் உட்தெருக்களிலும் சப்தமின்றிச் சுற்றுவதைக் காண எனக்குப் பரம திருப்தி உண்டாகிறது. ஆனால் அவ்வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், "பேட்டரி போயிடுச்சு" என்று விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்களே, அதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் ஒருவருடைய வண்டி, மயிலாப்பூரில் சரக்கேற்றிக்கொண்டு சமதரையில் நன்றாகவே ஓடிவந்து, திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் திணறி நின்றுவிடும்; சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடியும் கிளம்பும். "நாலையும் மாத்தணும்னு சொல்றாங்க சார், வட்டிக்கு வாங்கித்தான் மாத்தணும்" என்றார். வண்டியை நிறுத்தி வைத்து அளந்தபோது நான்கு பேட்டரிகளும் தலைக்கு 12.6 வோல்ட் காட்டின. சும்மா இருக்கும் பேட்டரி காட்டும் வோல்ட்டு அதன் சார்ஜைச் சொல்லுமே தவிர, அதன் திராணியைச் சொல்லாது. ஆகவே பாரத்தோடு மேடேறும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் 11 வோல்ட்டுக்கு இறங்கிற்று, ஆகமொத்தம் 44. ஆனால் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலரின் வாயிலில் வந்து சேர்ந்தது 42 தான். பேட்டரிகளைக் காப்பதற்காக அந்த அளவில் கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்பதால் வண்டி நின்றது.

வழியில் காணாமற்போன அந்த 2 வோல்ட்டைத் தேடியதில், இரண்டாவது பேட்டரியின் டெர்மினலில் பச்சை பூத்து, கை வைக்க முடியாதபடி சூடேறியிருந்த ஓர் இணைப்பு அகப்பட்டது. 40 ஆம்பியர் பாயும் வழியில் 0.05 ஓம் தடை குறுக்கிட்டால் போதும், 2 வோல்ட் அங்கேயே மடிந்து 80 வாட் உஷ்ணமாகிவிடும். கடற்காற்றின் உப்பும் பேட்டரியிலிருந்து கசியும் அமில ஆவியும் சேர்ந்து செய்த காரியம் அது. இணைப்பைக் கழற்றி, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, நட்டை இறுக்கி, மேலே வாசலைன் தடவியதோடு அவருக்குக் கடன் வாங்கும் அவசியம் நீங்கிற்று.

பேட்டரியே பழுதாவதில்லை என்று நான் வாதிக்கவில்லை. 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே ஈயத்தகடுகளையும் கந்தகாமிலத்தையும் கொண்டு உண்டாக்கிய அந்த ஏற்பாடுதான் இன்றும் பல சரக்கு வண்டிகளின் அடியில் இருக்கிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் அதை நாட்கணக்கில் விட்டுவைத்தால், தகடுகளின்மேல் படியும் ஈய சல்பேட்டு இறுகிப் படிகமாகி, பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தாலும் கரைய மறுக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. 2003 மே 31 அன்று 45 டிகிரி கண்ட ஊரில், வண்டியை வெயிலில் நிறுத்தாமல் நிழல் தேடுவது பேட்டரிக்கும் செய்யும் தயை. நான்கும் வரிசையாகக் கோத்தவை என்பதால், ஒன்று நலிந்தால் அதுவே முதலில் காலியாகி, மற்ற மூன்றையும் வீணாக்கும். பாரத்தில் மற்றவை 11 வோல்ட்டுக்குமேல் நிற்கையில் ஒன்றுமட்டும் 10க்குக் கீழே சரிந்தால், குற்றவாளி அதுவே. நான்கும் புதியவையென்றால் அந்த ஒன்றை மாற்றலாம். எல்லாம் கிழடு தட்டியிருந்தால் புதியதைப் பழையவற்றோடு சேர்ப்பது புதியதையும் கெடுக்கும்.

பேட்டரிப் பெட்டியைத் திறக்குமுன், சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்ப்பது உத்தமம். பிரேக் உரசினாலும் டயரில் காற்றுக் குறைந்தாலும், மாம்பலம் துரைசாமி சப்வேயின் மறுமேடு ஏறுகையில் பழி பேட்டரியின்மேலேதான் விழும்.

1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. இந்த நகரத்திலேயே, அடையாற்றுப் பக்கம், ஐ.ஐ.டி. இருக்கிறது. வித்தை நம் வீட்டு வாசலில் இருந்தும், அந்த வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு ஒரு மீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க யாருக்கும் அவகாசமில்லை. வண்டி விற்கிறவர்கள் சாவியோடு சேர்த்து ஒரு மல்டிமீட்டரையும் கொடுத்து, அதை உபயோகிக்கும் விதத்தை அரைமணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தே அனுப்ப வேண்டும். மெய்யாகவே ஆயுள் முடிந்த பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று ஓட்டுகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஈயம் மண்ணில் கலந்தால் குழந்தைகளின் உடம்பில் சேரும்.