கல்லறைக்குப் பின் வந்த சர்ச்

கொல்கத்தாவில் உயர் நீதிமன்றத்துக்கும் ஆளுநர் மாளிகைக்கும் அருகே உள்ள தெருக்களில் வேலை நாட்களில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் டீக்கடைக்காரர்களும் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கவுன்சில் ஹவுஸ் தெருவும் கிரண் சங்கர் ராய் சாலையும் சந்திக்கும் மூலையில் ஒரு கேட்டைத் தாண்டினால் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. உள்ளே மரங்கள், புல்தரை, செயின்ட் ஜான்ஸ் சர்ச். 1847இல் செயின்ட் பால்ஸ் வரும்வரை நகரின் கதீட்ரலாக இருந்தது இதுதான். ஆனால் இங்கே சர்ச்சைவிடச் சுவாரஸ்யமானது அதைச் சுற்றியுள்ள நிலம். ஆங்கிலத்தில் அதற்கு ‘சர்ச்யார்ட்’ என்று பெயர்.

எளிய சொல்தான். யார்ட் என்றால் அடைப்புள்ள திறந்த நிலம். சர்ச்யார்ட் என்றால் சர்ச்சுக்குச் சொந்தமான, அதைச் சுற்றியுள்ள நிலம். கல்லறை இருந்தே தீர வேண்டும் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஆனால் இங்கிலாந்தின் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்களை அங்கேதான் புதைத்தார்கள். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆங்கிலேயருக்குக் கல்லறைகள்தான் நினைவுக்கு வரும். கவிஞர் தாமஸ் கிரேயின் 1751ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற இரங்கற்பா பிறந்ததும் கிராமத்து சர்ச்யார்டில்தான். சர்ச்சை ஒட்டி அமையாத தனி இடுகாடு என்றால் அது ‘செமிட்ரி’. கிரேக்க மூலத்தில் இதற்கு உறங்குமிடம் என்று பொருள்.

இந்த வேறுபாடுதான் தமிழில் மொழிபெயர்ப்பவரின் பேனாவை நிறுத்துகிறது. ‘தேவாலய வளாகம்’ என்று எழுதினால் கல்லறைகள் காணாமல் போகின்றன. ‘கல்லறைத் தோட்டம்’ என்றால் சர்ச் காணாமல் போகிறது. ‘இடுகாடு’ என்றால் இரண்டும் போய், ஊருக்கு வெளியே ஒரு பொட்டல்தான் கண்ணில் நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்களிடம் ‘சேமக்காலை’ என்ற அழகான சொல் உண்டு. ஆனால் அதுவும் செமிட்ரிக்குத்தான் பொருந்தும். வழிபாட்டிடமும் புதைநிலமும் ஒரே மதிலுக்குள் இருப்பதைச் சொல்ல ஒற்றைச் சொல் எளிதில் அகப்படுவதில்லை.

செயின்ட் ஜான்ஸில் இன்னொரு சிக்கல். வழக்கமாக முதலில் சர்ச் வரும், பிறகு அதன் நிழலில் கல்லறைகள் சேரும். இங்கே கல்லறைகள்தான் மூத்தவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க கால இடுகாடு இது. சர்ச்சுக்கு வாரன் ஹேஸ்டிங்ஸ் அடிக்கல் நாட்டியது 1784இல். ஷோபாபஜார் மகாராஜா நபகிருஷ்ண தேவ் இடுகாட்டை ஒட்டிய நிலத்தைக் கொடுத்தார். வங்காளத்தின் பழைய தலைநகரான கௌர் நகரின் இடிபாடுகளிலிருந்து கல் வந்தது. அதனால் வங்காளிகள் வைத்த பெயர் ‘பாத்துரே கிர்ஜா’, அதாவது கல் கோயில். 1787இல் சர்ச் திறக்கப்பட்டபோது இறந்தவர்கள் ஏற்கெனவே சுற்றிலும் படுத்திருந்தார்கள். தமிழ் வரலாறு படித்தவருக்குப் பள்ளிப்படை நினைவுக்கு வரலாம். மேல்பாடியில் அரிஞ்சய சோழனின் நினைவாக ராஜராஜன் எடுப்பித்தது போல, மறைந்தவர் முதலில், கோயில் பிறகு. ஆனால் பள்ளிப்படை ஒரு அரசனுக்காக எழுவது. இங்கே இருப்பது ஒரு ஊரே.

அந்த ஊரின் மூத்தவர் ஜாப் சார்னாக். 1690இல் சுதானுட்டியில் கரையிறங்கிய கம்பெனி ஏஜென்ட். 1693 ஜனவரியில் இறந்தார். அவர் மருமகன் சார்லஸ் அயர் எழுப்பிய எண்கோண மண்டபம் ஆங்கிலேயர் சமாதியைவிட முஸ்லிம் பிரபுவின் சமாதியையே ஒத்திருக்கிறது. மொகலாயப் பேரரசர் ஃபரூக்சியரின் நோயைக் குணப்படுத்திய வில்லியம் ஹாமில்டன் என்ற சர்ஜனின் கல்லும் இதற்குள் இருக்கிறது. அதில் பாரசீக எழுத்தும் உண்டு.

நகரம் பெருக, இடம் போதவில்லை. 1767இல் அன்றைய ஊர் எல்லைக்கு வெளியே, இன்றைய பார்க் ஸ்ட்ரீட்டில், புதிய இடுகாடு திறந்தார்கள். சர்ச்சை ஒட்டாத இடுகாடு. வில்லியம் ஜோன்ஸும் டெரோசியோவும் உறங்குவது அங்கே. அந்தத் தெருவுக்கே முன்பு ‘பரியல் கிரவுண்ட் ரோடு’ என்றுதான் பெயர். வங்காளிகள் அதை ‘கோரஸ்தான்’ என்கிறார்கள். சத்யஜித் ராய் தன் ஃபெலுதா துப்பறியும் கதை ஒன்றைப் பின்னியது அந்த இடத்தை வைத்துத்தான். ஆங்கிலம் அதை சர்ச்யார்ட் என்று சொல்லாது.

அதனால் செயின்ட் ஜான்ஸ் சர்ச்யார்டில் இடம் கிடைப்பது தனிச் சலுகை ஆயிற்று. அதைப் பெற்றவர் ‘பேகம்’ ஜான்சன். கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு ஆளுநராக இருந்த எட்வர்ட் குரோக்கின் மகள். நான்கு முறை மணந்தவர். நான்காவது கணவர், இந்த சர்ச் எழப் பாடுபட்ட பாதிரியார் வில்லியம் ஜான்சன். அவர் இங்கிலாந்து திரும்பியபோது மனைவி கூடப் போகவில்லை. இங்கேயே புதைக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி வாக்குக் கொடுத்திருந்தார். 1812இல், 86 வயதில், வாக்கு நிறைவேறியது. அதே ஆண்டு அவர் பேரன் லிவர்பூல் பிரபு பிரிட்டனின் பிரதமரானார்.

ஆனால் இங்குள்ள எல்லாக் கல்லுக்கும் கீழே ஆள் இல்லை. பழைய சமாதிகள் சிதைந்தபோது அவற்றை இடித்து, எழுத்துள்ள பலகைகளை மட்டும் சார்னாக் மண்டபத்தைச் சுற்றித் தளமாகப் பதித்தார்கள். லேடி கானிங்கை அடக்கம் செய்தது பாரக்பூரில். அவர் நினைவுச் சின்னம் நிற்பது இங்கே. சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்திலும் இதே கதைதான். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை பழைய இடுகாட்டின் சமாதிகளை மறைவிடமாகப் பயன்படுத்தியது. பிறகு கம்பெனி அவற்றை அகற்றிக் கல்வெட்டுகளைத் தேவாலயத்தைச் சுற்றிப் பாவியது. அங்கே நடப்பவர் கால்வைக்கும் பெயர்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் வேறெங்கோ கிடக்கிறார்கள். ஆக, சர்ச்யார்ட் என்பது புதைக்கும் இடம் மட்டுமல்ல. வேறெங்கும் வைக்க முடியாததை ஒப்படைக்கும் இடமும்தான்.

இதற்குக் கூர்மையான சான்று ஒரு மூலையில் நிற்கும் பளிங்குத் தூண். 1756இல் சிராஜ் உத்தௌலாவின் ஆட்கள் ஒரே இரவில் 146 பேரைச் சிறு அறையில் அடைத்ததாகவும் 123 பேர் இறந்ததாகவும் ஹால்வெல் எழுதிய ‘இருட்டறை’ சம்பவத்தின் நினைவுச்சின்னம் இது. அந்த எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. ஹால்வெல் எழுப்பிய பழைய தூண் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. கர்சன் பிரபு 1902இல் அதைப் பளிங்கில் மீண்டும் எழுப்பி டல்ஹௌசி சதுக்கத்தில் நிறுத்தினார். வங்காளிகளுக்கு அது தங்கள் கடைசி சுதந்திர நவாபை அவமதிக்கும் கல். 1940 ஜூலையில் அதை அகற்றக் கோரிப் போராட்டம் அறிவித்த சுபாஷ் சந்திர போஸ் கைதானார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்ற போராட்டம் அது. அரசு பணிந்தது. தூணை உடைக்கவில்லை, சர்ச்யார்டுக்குள் கொண்டுவந்து வைத்தது. சதுக்கத்தில் நின்றவரை அது ஆட்சியாளரின் குற்றச்சாட்டு. இங்கே அது பல கற்களில் ஒரு கல். கோபத்தைத் தணிக்க ஐந்து நிமிட நடைதூரம் போதுமானதாக இருந்தது.

சார்னாக்குக்கும் இது நேர்ந்தது. நெடுங்காலம் அவரே நகரை நிறுவியவர், 1690 ஆகஸ்ட் 24 நகரின் பிறந்தநாள் என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். சுதானுட்டி, கோலிகாதா, கோபிந்தபூர் கிராமங்கள் அவருக்கு முன்பே இருந்தவை. 1698இல் கம்பெனிக்கு அவற்றின் உரிமையைக் கொடுத்தது சபர்ண ராய்சவுத்ரி குடும்பம். அந்தக் குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள். வரலாற்றறிஞர் குழுவின் அறிக்கையைக் கேட்டுப் பெற்ற கல்கத்தா உயர் நீதிமன்றம், நகருக்கு நிறுவனரும் இல்லை, பிறந்தநாளும் இல்லை என்று 2003இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சொன்ன இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவர் படுத்திருக்கிறார். பட்டம் போனது, சமாதியில் யாரும் கைவைக்கவில்லை.

பெயரும் முழுக்கப் போய்விடவில்லை. அவர் கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்துப் பாறையில் செதுக்கியது. 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கு ‘சார்னாக்கைட்’ என்று பெயரிட்டார். பல்லாவரம் குன்றுகளில் தெரிவது அதே கருங்கல்தான். உலகமெங்கும் மண்ணியல் மாணவர்கள் படிக்கும் அந்தச் சொல் பிறந்தது கொல்கத்தாவின் இந்த சர்ச்யார்டில். சர்ச்யார்டுக்குத்தான் தமிழில் இன்னும் ஒரு சொல் பாக்கி.