மெட்ராஸ் பிறந்த கதையும் எங்கள் வீட்டுத் தறியும்

போன ஜூலை மாதம் எங்கள் கல்லூரியில் தமிழ்நாடு நாள் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். பி.காம். படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று நண்பர்கள் கிண்டல் செய்தாலும் பெயரைக் கொடுத்துவிட்டேன். தலைப்பு "நம் மாநிலம் பிறந்த கதை". முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். நம் மாநிலம் எப்போது பிறந்தது?

இதில் அரசாங்கத்துக்கே குழப்பம் இருந்திருக்கிறது. 2019-இல் நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தார்கள். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாள் அது. 2021-இல் அதை ஜூலை 18-க்கு மாற்றினார்கள். 1967-இல் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய நாள் இது.

இரவு அப்பா தறியில் உட்கார்ந்திருந்தபோது அவரிடமே கேட்டேன். ஊடையை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "துணி வாங்க வந்தவன் கட்டின ஊருதானடா மெட்ராஸு. அங்கேருந்து ஆரம்பி."

அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அவர் சொன்னதுதான் சரியான இடம்.

1639. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவர் நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடிக் கடற்கரையோரமாக வந்தார். கம்பெனிக்கு அப்போது ஆர்மகானில் ஒரு கிடங்கு இருந்தது. அங்கே வாங்குவதைவிட மதராசப்பட்டினத்தில் சுமார் 20 சதவீதம் மலிவு என்று கணக்குப் போட்டார். தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் ஒரு மணல் திட்டை எழுதி வாங்கினார். நல்ல துறைமுகம்கூட இல்லாத இடம் அது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கு படகில் போகும். இருந்தும் அங்கே கோட்டை கட்டினார்கள் என்றால் காரணம் ஒன்றுதான். துணி!

அதே 1639-இல் உலகத்தின் அந்தப் பக்கம், அமெரிக்காவில் கனெக்டிகட் என்ற இடத்தில் குடியேறியிருந்த ஆங்கிலேயர்கள் தங்களைத் தாங்களே ஆள ஓர் அடிப்படைச் சட்டத்தை எழுதிக்கொண்டார்கள். அங்கே போனவர்களுக்கு வேண்டியது நிலம். நிலத்தில் ஏற்கனவே இருந்த பீக்வாட் மக்களை அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1637-இல், போரில் அழித்தார்கள். இங்கே வந்தவர்களுக்கு வேண்டியது நெய்கிற கை. அதனால் நம்மை விரட்டவில்லை, வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டும் ஒரே நாட்டிலிருந்து போன ஆட்கள்தான். தேவைதான் வேறு.

கூப்பிட்டதற்கு அடையாளம் இன்றைக்கும் சென்னை வரைபடத்தில் இருக்கிறது. கவர்னர் ஜோசப் காலெட் திருவொற்றியூர் பக்கம் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட் பேட்டைதான் இன்று காலடிப்பேட்டை. 1734-இல் நெசவாளர்களுக்காகவே உண்டாக்கியது சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அப்படி ஆனது என்று சொல்வார்கள். துணி வெளுக்கிறவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. ஒரு தொழிற்சாலையின் பிரிவுகள் மாதிரி ஒரு நகரம்.

இங்கே ஒரு வணிகவியல் விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நெசவாளிக்கு ஓரளவு பேரம் பேசும் பலம் இருந்தது. ஏனென்றால் வாங்குகிறவர்கள் பலர். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், போதாததற்கு நம் ஊர் வியாபாரிகள். ஒருவன் விலையைக் குறைத்தால் இன்னொருவனிடம் போகலாம். ரொம்பத் தொல்லை கொடுத்தால் ஊரையே காலி செய்துகொண்டு வேறு எல்லைக்குப் போய்விடலாம்.

இது எப்போது மாறியது? கம்பெனி வியாபாரியாக மட்டும் இருந்தவரை இல்லை, நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனபோது மாறியது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். எங்கள் காஞ்சிபுரமும் அதில் அடக்கம். அன்றிலிருந்து துணி வாங்குகிறவனும் அவன்தான், வரி வசூலிக்கிறவனும் அவன்தான். நெய்வதற்கு முன்பணம் கொடுப்பான். வாங்கிவிட்டால் துணியை வேறு யாருக்கும் விற்கக் கூடாது. பாடப்புத்தகத்தில் ஒரு சந்தையில் விற்கிறவன் ஒருவனே இருந்தால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். வாங்குகிறவன் ஒருவனே இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

அந்த ஆட்சி சுலபமாக வந்துவிடவில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். அதே நேரம் ஹெக்டர் மன்றோ இன்னொரு படையோடு காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். உதவிக்குப் போய்ச் சேரவில்லை. தோல்விச் செய்தி வந்ததும் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு பக்கம் பின்வாங்கினார். புள்ளலூரில் வயல் நடுவே ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஒருமுறை சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் "வெள்ளைக்காரன் தோத்த எடம் தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலும் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபு 1786-இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து இறங்கினார். 1792-இல் திப்புவைப் பணிய வைத்தார். அங்கே தோற்றவர் இங்கே ஜெயித்தார். அங்கே மாகாணங்கள் சேர்ந்து ஒரு நாடு ஆயின. இங்கே 1801-இல் கர்நாடகச் சீமை முழுவதும் கம்பெனி கைக்குப் போய், மெட்ராஸ் மாகாணம் என்ற பெரிய உருவம் எழுந்தது. அதன் பிறகு லங்காஷயர் மில் துணி வந்து இறங்கியது. துணி வாங்க வந்தவன் துணி விற்க ஆரம்பித்தான். எங்கள் ஊர் நெசவின் அடையாளமாகப் பட்டு ஆனதெல்லாம் பிறகு நடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து இறந்தார். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மலபார் கேரளத்துக்குப் போனது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நமக்கு வந்தன. 1960-இல் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருத்தணி சேர்ந்தது. இவ்வளவு நடந்தும் பெயர் மட்டும் மெட்ராஸ்தான். தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபர் 13-இல் உயிர் விட்டார். அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில். பெயர் வைத்த முதல்வர் அண்ணா அதற்குப் பிறகு இருபது நாள்தான் உயிரோடு இருந்தார்.

அண்ணா எங்கள் ஊர்க்காரர், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டுரைக்காகப் படித்தபோது கிடைத்த ஒரு விஷயம் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

1687 முதல் 1692 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல். கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் செய்து பெரும் பணம் சேர்த்தார். அவர் காலத்தில் மெட்ராஸிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றியதும் நடந்தது. லண்டனுக்குத் திரும்பிய பிறகு, 1718-இல், கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும் ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். ஒன்பது மூட்டையும் நம் துணி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் இந்த ஊரில் சேர்த்த பணம்.

1968-இல் அதே யேல் பல்கலைக்கழகம் அண்ணாவை சப் பெலோஷிப் கொடுத்து அழைத்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை முதலமைச்சராக அங்கே போய் நின்றார். மெட்ராஸில் சேர்த்த பணம் ஒரு கல்லூரியைத் தூக்கி நிறுத்தி, 250 வருடம் கழித்து அந்த வாசலில் எங்கள் தெருவைப் போன்ற ஒரு தெருவில் வளர்ந்தவர்!

அப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "சரி, அந்த ஒம்பது மூட்டைய நெய்தவனுக்குக் கூலி என்ன கொடுத்தான்னு எழுதியிருக்கா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. யேலின் புத்தகக் கணக்கு இருக்கிறது, பவுன் கணக்கு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு என் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். பாவும் ஜரிகையும் அவர் கொடுப்பார், புடவை அவருக்குத்தான். முன்பணம் அடையும்வரை அப்பா வேறு யாருக்கும் நெய்ய முடியாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் கூலி கூடத் தருவதாகக் கூப்பிட்டபோதும் போகவில்லை. போக முடியவில்லை. கம்பெனி போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவன் விட்டுப்போன கணக்கு நோட்டு இன்னும் எங்கள் தெருவில் திறந்தேதான் இருக்கிறது.

கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. தலைப்பை விட்டு விலகிவிட்டேன் என்றார்கள். இருக்கட்டும். வருகிற மே மாதம் படிப்பு முடிகிறது. வேலை கிடைத்ததும் முதல் வேலை, அந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. அதற்குப் பிறகு அப்பா அதே முதலாளிக்கே நெய்தாலும் சரி, வேறு ஒருவரிடம் போனாலும் சரி. யாருக்கு நெய்வது என்று அவரே முடிவு செய்யட்டும்.