கையொப்பம் கேட்கும் மருத்துவர்

வண்ணாரப்பேட்டையில் நம்மவர் வீட்டில் யாருக்கேனும் நோயென்றால், கால்கள் தாமே ஸ்டான்லி மருத்துவமனையை நோக்கி நடக்கும். அங்கு இளம் மருத்துவர் ஒருவர் தாளை நீட்டி, "எமது ஆய்வில் சேரச் சம்மதமா?" என்று வினவினால் மட்டும் நம் முகம் வாடிவிடுகிறது. ஏழைகளை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்களோ என்று அஞ்சுகிறோம். அந்த ஐயத்தை அறியாமையென்று தள்ளிவிடலாகாது. அதற்கு விடை சொல்ல வேண்டும். விடை நமது நகரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

காசநோய் கண்டவரைக் குடும்பத்தினின்றும் பிரித்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருந்த காலம் ஒன்றுண்டு. தாம்பரத்தில் 1928-இல் தோன்றிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால், நோயாளிகள் அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது?

இக்கேள்விக்கு விடை காண 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். உணவும் ஓய்வும் அவர்களுக்குக் குறைவே. ஆயினும் 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேரும், வீட்டில் 86 பேரும் நோய் தணிந்திருந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தார்க்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. வீட்டிலேயே சிகிச்சை பெறும் வழி உலகெங்கும் திறந்தது.

நிறுவனங்கள் பொருள் தந்தன. மருத்துவர்கள் அறிவைத் தந்தனர். எனினும் அந்த 193 பேரும் மறுத்திருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். அவர்கள் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் செய்ததை ஸதக்கத்துல் ஜாரியா என்னாமல் வேறென்ன என்பது?

இன்று நமது அச்சத்துக்கு விதிகளே காவல் நிற்கின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி ஆய்வைத் தொடங்கலாகாது. சேர மறுத்தாலும், இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தலாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு, நடுநிலையான சாட்சி ஒருவர் முன்னிலையில் தாளைப் படித்து விளக்க வேண்டும். புது மருந்துச் சோதனையால் தீங்கு நேரின் இழப்பீடு வழங்கவும் 2019-ஆம் ஆண்டின் விதிகளில் இடமுண்டு.

முதுநிலை பயிலும் இளம் மருத்துவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். இரவுப் பணிக்கிடையே அதைச் செய்யும் அவர்களுக்கு நேரமும், பொருளும், கணக்கிட்டு வழிகாட்டும் புள்ளியியலாளரும் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. நமது கடமை வேறு. என்ன மருந்து, என்ன தீங்கு நேரலாம், விவரம் யார் கைக்குப் போகும் என்று கூசாமல் கேட்போம். மனம் ஒப்பவில்லையெனில் மறுப்போம். ஒப்பினால், பின்வரும் நோயாளிகளுக்கு உதவும் நிய்யத்தோடு கையொப்பமிடுவோம். பலனளிப்பவன் அல்லாஹ்.