கோல் அடிக்க ஃபினிஷிங் மட்டும் போதுமா?

செர்னோ சம்பா. 2001-02 சீசனுக்கான 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' கேமை ஆடியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். மில்வால் கிளப்பின் அந்த டீன் ஏஜ் ஸ்ட்ரைக்கரை வாங்கிப்போட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தால், பிறகு கோல் மழைதான்!

அதே டீம் பின்னாளில் உருவாக்கிய 'ஃபுட்பால் மேனேஜர்' கேமில் வீரரின் ஒவ்வொரு திறமைக்கும் 1 முதல் 20 வரை மார்க் உண்டு. ஸ்ட்ரைக்கர் தேடும் புதியவர்கள் முதலில் பார்ப்பது 'ஃபினிஷிங்'. ஆனால், அது கைகொடுப்பது பந்தை உதைக்கும் நொடியில் மட்டுமே. அதற்கு முன் டிஃபெண்டரிடமிருந்து நழுவிக் காலி இடத்துக்குப் போக 'ஆஃப் தி பால்' வேண்டும். பந்து வரும் இடத்தை முன்பே கணிக்க 'ஆன்டிசிபேஷன்', முதல் சில அடிகளிலேயே முந்த 'ஆக்ஸிலரேஷன்', கோல்கீப்பர் முன்னால் பதறாமலிருக்க 'கம்போஷர்'. க்ராஸ்களை நம்பும் அணி என்றால் 'ஹெட்டிங்', 'ஜம்பிங் ரீச்' பார்க்க வேண்டும்.

ஸ்கிரீனில் தெரியாத மார்க்குகளும் உண்டு. எல்லா மேட்ச்சிலும் ஒரேபோல ஆடுவாரா, பெரிய மேட்ச்சில் தாங்குவாரா, அடிக்கடி காயம்படுவாரா?

நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தான். மில்வால் சீனியர் அணிக்காகச் சம்பா ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. காடிஸ், பிளைமவுத் எனக் கிளப்கள் மாறின, காயங்களும் துரத்தின. காம்பியா தேசிய அணிக்கு ஆடியது ஓர் ஆறுதல்.

கேமில் தோற்றால் பழைய சேவிலிருந்து மறுபடி தொடங்கலாம். சம்பாவுக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும், சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்டில் இன் தி கேம்'. இன்னும் களத்தில்தான் இருக்கிறாராம்!