கல்யாண போட்டோவின் ஓரத்தில் நிற்பவர்கள்

 

கல்யாணத்தில் போட்டோவுக்கு இவ்வளவு செலவு தேவையா என்று பலர் கேட்கிறார்கள். கடன் வாங்கி ட்ரோன் பறக்கவிடுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கல்யாணப் படம் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். நாற்பது வருடம் கழித்து அந்த ஆல்பத்தைத் திறப்பவர்கள், பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் யாரையோதான் தேடுகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இங்கே எஸ்டேட் லைன் வீடுகளில் கேமரா ஏது? கல்யாணம் என்றால் சேலத்திலிருந்து போட்டோகிராபர் பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவார். ஒரு ரோலில் 36 படம். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது என்று எண்ணி எண்ணி எடுப்பார். கடைசியில் சொந்தபந்தம் எல்லாம் நிற்க இரண்டு மூன்று குரூப் போட்டோ. காப்பித் தோட்டத்தில் உழைத்த எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த படம் அது ஒன்றுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒண்டிக்கடையில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். சின்ன வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள். முகமே ஞாபகம் இல்லை. சித்தி கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது பெரியம்மா ஒரு படத்தில் விரல் வைத்து, "இதுதாண்டி உங்கம்மா" என்று காட்டியிருக்கிறார். பின்வரிசையில், பந்தக்கால் பக்கத்தில், முகத்தில் பாதி நிழலோடு. அதை மட்டும் பெரிதாக்கி பிரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். "என் மூக்கு யாரு மூக்குன்னு இப்பதான் சார் தெரிஞ்சுது" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். படம் இத்தனை காலமும் அந்த வீட்டில்தான் இருந்தது. அடையாளம் சொல்ல ஒருவர் உயிரோடு இருந்ததால்தான் அது அம்மா ஆனது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் படத்தில் நிற்பவர் யாருக்கு அத்தை, யாருக்குத் தாத்தா என்பதை வீட்டார்தான் சொல்ல முடியும்.

இன்னொரு விஷயம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள். கலர் படத்தில் இருப்பது சாயம். அதனால்தான் தாத்தா படம் தெளிவாக இருக்க, அப்பாவின் கலர் ஆல்பம் சிவந்து வெளுத்துக் கிடக்கிறது. நம் ஊர் பனிமூட்டமும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை வேறு. ஆல்பத்தைப் பாலிதீனில் சுற்றாதீர்கள். காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

இளைய தலைமுறைக்கு: ஆயிரக்கணக்கில் படம் போனிலும் பென்டிரைவிலும் இருக்கிறது, சரி. பென்டிரைவ் ஒருநாள் திறக்காமல் போகும். ஐம்பது படமாவது பிரிண்ட் போடுங்கள். அதில் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூத்தவர் பக்கத்தில் ஆல்பத்தோடு உட்காருங்கள். ஒவ்வொருவர் பெயரையும் உறவையும் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். அடுத்த வருடம் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.