துணைக்குப் போகிற பிள்ளைக்கு

பெங்களூரிலோ ஓசூரிலோ வேலையில் இருக்கிற உனக்கு ஒருநாள் ஊரிலிருந்து போன் வரும். "அப்பாவுக்குத் தொண்டையில ஏதோ கட்டிங்கறாங்க, நீ வந்தாத்தான் ஆகும்." நம் தருமபுரிப் பக்கம் படித்த பிள்ளைதான் ஆஸ்பத்திரித் துணை. வயசு, அனுபவம் எல்லாம் அப்புறம். வழியெல்லாம் போனில் தேடிக்கொண்டே வருவாய். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் தேடியதெல்லாம் மறந்து, "பயப்படும்படி இல்லையே டாக்டர்?" என்ற ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வெளியே வருவாய். எங்கள் தலைமுறையும் இப்படித்தான் வந்தது. அதனால் சொல்கிறேன் கண்ணு, உள்ளே போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்.

முதல் வரியை நோயாளியிடம் கேட்டு எழுது. என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்தபோது, அவள் மகன் இரண்டு பக்கம் கேள்வி எழுதி வைத்திருந்தான். மருந்தின் பெயர், மெஷினின் பெயர், எல்லாம் இருந்தது. முந்தின இரவு அவளிடம், "உனக்கு என்ன கேக்கணும்?" என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மறுபடி முடிந்து, நெடுநேரம் கழித்துச் சொன்னாள்: "கரண்ட் வெச்சுட்டு வந்தா பேத்தியப் பக்கத்துல படுக்க வெச்சுக்கலாமா?" குழந்தைக்கும் ஏறிவிடும் என்று பயந்து, பேத்தியைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப மனசுக்குள் முடிவே செய்துவிட்டாள். மகனின் இரண்டு பக்கத்தில் இது இல்லை. நாம் கரண்ட் என்கிற, வெளியிலிருந்து மெஷினில் வைக்கிற கதிர்வீச்சு உடம்பில் தங்காது, தாராளமாகப் படுக்க வைக்கலாம் என்றார் டாக்டர். உள்ளே கருவி வைத்துத் தருகிற முறையும் உண்டு; அதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து அவள் கேட்டது, புளி உலுக்குகிற மாசத்துக்குள் முடியுமா என்று. அதற்கு டாக்டர் காலண்டரை எடுத்தார்.

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று காதோடு சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அன்பால்தான் சொல்கிறோம். ஆனால் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் போர்டு இருக்கிறது. கண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இறக்கி விடுகிறார். யாரிடம் மறைக்கிறோம்? எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசை என்று அவர்களையே கேள். "நீங்களே பாத்துக்குங்க" என்று சொன்னால் அதுவும் அவர்கள் விருப்பம்தான்.

தாளில் எழுதிப் போவது வீண் வேலை இல்லை. 1994-இல் சிட்னி ஆராய்ச்சியாளர் ஃபிலிஸ் பட்டோவின் குழு, டாக்டரிடம் கேட்கக்கூடிய கேள்விகள் எழுதிய தாளைப் புற்றுநோயாளிகள் கையில் கொடுத்து அனுப்பிப் பார்த்தது. தாள் இருந்தவர்கள், நோய் இனி எப்படிப் போகும் என்பதைக் கூடுதலாகக் கேட்டார்கள். 2001-இல் வந்த ஆய்வு, டாக்டரே அந்தத் தாளை எடுத்துப் பேசினால் நேரம் மிச்சமாகிறது என்று கண்டது. ஆகவே தாளைச் சட்டைப்பையில் ஒளிக்காதே. கூட்டம் முண்டும் ஓ.பி.யில் அதை டாக்டர் மேசையில் வை. முக்கியமான மூன்றை மேலே எழுது.

அந்த மூன்றில் நான் விடாத ஒன்று: "இந்த வைத்தியம் நோயை முழுசாக எடுக்கவா, அடக்கி வைக்கவா?" இதைக் கேட்காமலே நிலத்தை விற்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அடக்கி வைப்பதும் நல்ல வைத்தியமே. சிலருக்குப் பல வருஷம் கிடைக்கிறது. ஆனால் எதற்காகச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து செலவழிக்க வேண்டும். சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டில் எந்த வகை, எந்த நிலை என்று எழுதி வாங்கு. சதை எடுக்க ஊசி குத்தினால் பரவிடும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அப்படி நடப்பது மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தில் தள்ளிப்போடும் மாசங்களில்தான் நோய் வளர்கிறது. வேறொரு டாக்டரையும் கேட்கப் போகிறாய் என்றால் ரிப்போர்ட் மட்டும் போதாது, எடுத்த சதை இருக்கிற கண்ணாடிச் சில்லும் மெழுகு பிளாக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாறில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். 1973-இல் பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. நமக்கு இரண்டுமே தூரம்தான். அதனால் இதையும் தாளில் எழுது. கரண்ட் வைப்பது பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம். எங்கே தங்குவது? கீமோவையாவது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சேலத்திலோ போட்டுக்கொள்ளலாமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே செல்லுமா, எந்தச் செலவு அதில் அடங்காது? ரயிலில் சிலீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் வேண்டும். கேட்டால்தான் தருவார்கள். மொரப்பூரில் ஏறும்போது அந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

கீமோ தொடங்குமுன், ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று கேள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வை. 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று உட்காராதே. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அது ஆபத்து. யாரோ கொடுத்த சூரணம், கஷாயம் வீட்டில் ஓடுகிறதென்றால் மறைக்காமல் சொல். டாக்டர் திட்டுவார், திட்டட்டும். சின்ன வயசு நோயாளி என்றால், பின்னால் குழந்தை பிறக்குமா, அதற்கு முன்கூட்டியே ஏதாவது செய்துகொள்ள வேண்டுமா என்பதை முதல் கீமோவுக்கு முன்பே கேள். வெட்கப்பட்டு விட்டால் பிறகு கேட்டும் பயனில்லாமல் போகலாம்.

வலியைப் பற்றி நம் ஆட்கள் கேட்பதே இல்லை. புற்று என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடிக்கிறார்கள். மார்பின் மாத்திரை என்றால் சாகப் போகிறவர்களுக்கு என்று நினைப்பு. வைத்தியம் நடக்கும்போதே வலிக்கும் சேர்த்து மருத்துவம் பார்க்கலாம். அதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்திருப்பதும் முன்னைவிடச் சுலபமாகியிருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தால் மலச்சிக்கலுக்கும் சேர்த்தே எழுதச் சொல். நம் ஆட்கள் பாதியில் மாத்திரையை நிறுத்துவது அதனால்தான்.